வூஹானில் இறங்கி, பெங்களூரில் ஏறி
திருவனந்தபுரத்து ஆடுகளங்கள் – பகுதி 9

சென்ற பகுதி ஜிம்மி ஜார்ஜோடு முடிந்தது. பேராவூரில் பிறந்து, கேரளக் காவல் துறையில் வேலை பார்த்து, இத்தாலியில் சம்பளத்துக்கு வாலிபால் ஆடி, 1987இல் அங்கேயே கார் விபத்தில் உயிர்விட்டவர் அவர். வெள்ளையம்பலத்து உள்ளரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கதையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லாமல் விட்டிருந்தோம். அவரை வளர்த்தது ஏதோ ஒரு பெரிய கிளப் அல்ல. மாதச் சம்பளம் கொடுத்த ஓர் அரசுத் துறை. இந்தப் பகுதியில் வரும் கூடைப்பந்து வீராங்கனைகளின் கதைக்கும் அதுதான் அடித்தளம்.

கதை தொடங்கும் இடம் சீனாவின் வூஹான். பிற்காலத்தில் வேறொரு காரணத்துக்காக உலகம் முழுக்க அறிந்துகொண்ட அந்த நகரத்தில், 2015 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் 5 வரை ஆசிய மகளிர் கூடைப்பந்து வாகையர் போட்டி நடந்தது. அப்போது அந்தப் போட்டிக்கு இரண்டு தட்டுகள். முதல் தட்டில் ஆறு அணிகள் ஒன்றோடொன்று மோதும். அதில் கடைசி இரண்டு இடங்களில் நிற்பவர்கள் இரண்டாம் தட்டில் முன்னுக்கு வந்தவர்களோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். வென்றால் இடம் நிலைக்கும், தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். வூஹானில் இந்தியா அந்த ஆட்டத்தில் பிலிப்பைன்ஸிடம் தோற்றது. தாய்லாந்தும் கூடவே இறங்கியது. பிலிப்பைன்ஸும் வட கொரியாவும் மேலே போயின.

அந்தத் தோல்வி கசந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2013இல் பாங்காக்கில், ஸ்பெயின்காரர் பிரான்சிஸ்கோ கார்சியாவின் பயிற்சியில் இந்திய மகளிர் ஐந்தாம் இடம் பிடித்திருந்தார்கள். ஜப்பான், கொரியா, சீனா, சீன தைபே என்ற நான்கு வல்லணிகளுக்கு அடுத்த இடம் அது. அதற்கு முன் அவ்வளவு உயரத்துக்கு இந்தியா போனதே இல்லை. அன்று இந்தியாவுக்குப் பின்னால் ஆறாவதாக வந்து கீழே இறங்கிய அணி கஜகஸ்தான். அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சற்று நேரத்தில் திரும்ப வரும்.

யார் இந்த ஆட்டக்காரர்கள், எங்கிருந்து வந்தார்கள்? இதற்குப் பதில் தேட, திருவனந்தபுரத்து ஆரியசாலையிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். தம்பானூரைத் தாண்டி வடக்கே போனால் பட்டத்தில் வைத்யுதி பவனம். கேரள மாநில மின்சார வாரியத்தின் தலைமையகம் அதுதான். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி நடத்துபவரும், வெற்றிலைக் கடைக்காரரும், மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பமும் கரண்ட் பில் கட்டுவது அந்த வாரியத்துக்கு. 1957இல் தோன்றிய அந்த வாரியம் அணைகளையும் மின்கம்பங்களையும் மட்டும் பராமரிக்கவில்லை. கூடைப்பந்து அணிகளுக்கும் சம்பளம் கொடுத்து வந்திருக்கிறது. அதன் மகளிர் அணி நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. இந்திய அணிக்கு அடுத்தடுத்து ஆட்டக்காரர்களை அனுப்பிய அணியும்கூட.

ஐரோப்பாவில் ஒரு கிளப் மேலே ஏறுவது என்றால் எல்லோருக்கும் புரிகிற ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கை எடுத்துக்கொள்வோம். கால்பந்தால் உலகறிந்த அந்தக் கிளப்பின் கூடைப்பந்துப் பிரிவு 1954இலும் 1955இலும் ஜெர்மன் வாகை சூடியது. பிறகு பல பத்தாண்டுகள் பெயர் தெரியாமல் கிடந்தது. தேசியப் பயிற்சியாளராக இருந்த டிர்க் பவர்மனை 2010இல் கொண்டுவந்தார்கள். 2011இல் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறி, 2014இல் மறுபடி வாகை சூடினார்கள். அங்கே கிளப்புக்குக் கீழே ஒரு பிரிவு இருக்கிறது, மேலே ஒரு பிரிவு இருக்கிறது. ஆண்டு முழுக்க ஆட்டம் நடக்கிறது. வென்றவன் ஏறுகிறான், தோற்றவன் இறங்குகிறான்.

இந்தியக் கூடைப்பந்தில் அப்படி ஒரு படிக்கட்டு கட்டப்படவே இல்லை. இங்கே ஒரு பெண் ஏறும் படிகள் வேறு: பள்ளி, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், கல்லூரி, பிறகு ரயில்வே அல்லது மின்வாரியம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால் காலையிலும் மாலையிலும் பயிற்சி, நடுவில் ஆபீஸ், போட்டி வந்தால் சிறப்பு விடுப்பு. தொழில்முறை ஆட்டக்காரர் என்று யாரும் அவரை அழைப்பதில்லை. ஆனால் கூடைப்பந்து ஆடத் தெரிந்த காரணத்துக்காகவே மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் வருகிறது. இந்த ஏற்பாட்டை இளக்காரமாகப் பேசுவது எளிது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு இருபது வயதில், கல்யாணப் பேச்சு தொடங்கும் நேரத்தில், ஆட்டத்தை விடாமல் இருக்க ஒரு காரணத்தைக் கொடுத்தது அந்த நிரந்தர வேலைதான். தந்தையும் தாயும் ஏற்றுக்கொள்ளும் காரணம் அது. அந்த வேலை மட்டும் இல்லாதிருந்தால் இந்த அத்தியாயத்தில் எழுத எதுவும் இருந்திருக்காது.

இந்த ஆட்டம் தென்னாட்டுக்கு வந்த வழியையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் கூரைக்குள் மாணவர்கள் ஆட ஏதாவது வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகள் எழுதி, இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டி ஆரம்பித்த ஆட்டம் இது. பக்கத்து ஊரான நார்தாம்டனில் இருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அடுத்த ஆண்டே பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1893 மார்ச்சில் நடந்த அவர்களுடைய போட்டியைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தெற்கே உள்ள பள்ளிகளுக்கெல்லாம் பந்தை எடுத்துப் போனார்கள். திருவிதாங்கூரில் அந்த விதைக்கு நீர் ஊற்றியவர் பூஞ்ஞாற்றில் பிறந்த கர்னல் ஜி.வி. ராஜா. 1954இல் அவர் உருவாக்கிய விளையாட்டு கவுன்சில்தான் பின்னர் கேரள விளையாட்டு கவுன்சிலாக வளர்ந்து, விளையாட்டு விடுதிகளை நடத்தியது. மலைநாட்டுக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி நகரத்து கோர்ட்டுக்கு வந்து சேர அந்த விடுதிகள்தான் வாசல்.

அந்த வழியில் வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கீது அன்னா ஜோஸ். 1985இல் கோட்டயத்தில் பிறந்தவர், ஆறடி இரண்டங்குல உயரம், சென்டர் இடத்தில் ஆடுபவர். சங்ஙனாசேரி அஸம்ப்ஷன் கல்லூரியில் ஆடி, தெற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 2006இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னை அடுத்த ரிங்வுட் ஹாக்ஸ் என்ற கிளப் அவரை அழைத்தது. விக்டோரியா மாநிலத்தின் பிக் வி லீக்கில் 2008 வரை ஆடினார். இந்தியப் பெண் ஒருவர் ஆஸ்திரேலியாவில் அப்படி ஆடியது அதுவே முதல் முறை. வாரந்தோறும் ஒரு ஆட்டம், மாதக்கணக்கில் நீளும் சீசன், வெற்றியும் தோல்வியும் சேர்ந்து ஏறி இறங்கும் புள்ளிப் பட்டியல் என்று இங்கே கிடைக்காத எல்லாம் அவருக்கு அங்கே கிடைத்தன. 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யு.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள், சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ், அவரைத் தேர்வுக்கு அழைத்தன. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கதவைத் தட்டிய முதல் இந்தியப் பெண் அவர். 2014இல் அர்ஜுனா விருது வந்தது.

கீதுவுக்குப் பின் வந்தவர் பி.எஸ். ஜீனா. வயநாட்டுப் பெண், மின்வாரிய அணியின் ஆட்டக்காரர். கூடையின் அடியில் நின்று ரீபவுண்ட் பிடிப்பதிலும் நெருக்கடியில் புள்ளி எடுப்பதிலும் அவர் தலைமுறையில் அவருக்கு நிகர் சிலரே. பின்னாளில் அவரும் அதே ரிங்வுட்டுக்கு ஆடப் போனார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார்.

மூன்றாவது பெயர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது: அனிதா பால்துரை. சென்னைக்காரர், கீதுவின் வயதுதான், அதே தெற்கு ரயில்வேதான். பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடினார். ஒன்பது ஆசிய வாகையர் போட்டிகள் கண்டவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழ்நாட்டில் ஒரு கிரிக்கெட் வீரர் இதில் பாதி செய்திருந்தால் தெருவுக்குத் தெரு கட்அவுட் வைத்திருப்பார்கள். அனிதாவின் முகத்தை எத்தனை பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

2017 ஜூலை 29ஆம் தேதி. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கம். போட்டியின் பெயரும் அமைப்பும் மாறியிருந்தன. இப்போது அது ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்ளே வந்துவிட்டன. மேலே எட்டு அணிகள் கொண்ட டிவிஷன் ஏ, கீழே டிவிஷன் பி. கீழ்ப் பிரிவில் வாகை சூடும் ஒரே ஓர் அணிக்குத்தான் மேலே போக வழி. இரண்டாம் இடத்துக்கு வெள்ளிப் பதக்கம் உண்டு, ஏற்றம் கிடையாது. வூஹானில் இறங்கிய இந்தியா அந்தக் கீழ்ப் பிரிவில், சொந்த மண்ணில் ஆடியது. கேப்டன் அனிதா. பயிற்சியாளர் செர்பியாவின் ஸோரான் விசிச். அணியில் ஜீனா இருந்தார், மகாராஷ்டிரத்தின் ஷிரீன் லிமயே இருந்தார், உள்ளூர்க்காரரான நவநீதா இருந்தார்.

இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்ற அணி கஜகஸ்தான். 2013இல் இறங்கியவர்களும் 2015இல் இறங்கியவர்களும், இருப்பது ஒரே நாற்காலி என்று தெரிந்தே மோதினார்கள். பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதிகள். ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த எண்கள்: இந்தியா 75, கஜகஸ்தான் 73.

இரண்டு புள்ளி என்றால் ஒரே ஒரு கூடை. 3.05 மீட்டர் உயரத்து வளையத்தில் ஒரு பந்து சுழன்று உள்ளே விழுவதற்கும் விளிம்பில் பட்டு வெளியே தெறிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு கூடையால் மின்வாரியச் சம்பளக்காரர்களும் ரயில்வே சம்பளக்காரர்களும் சேர்ந்த ஓர் அணி ஆசியாவின் முதல் எட்டில் போய் உட்கார்ந்தது. மேல் பிரிவில் கடைசியாக வந்த வட கொரியாவின் இடம் இந்தியாவுக்கு வந்தது. நாட்டின் விளையாட்டு வரலாற்றில் பெரிய நாட்களுள் அது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த வாரம் பெங்களூரில் நடந்த இன்னொரு இறுதியாட்டத்தையும் பார்க்க வேண்டும். மேல் பிரிவில் ஜப்பான் 74, ஆஸ்திரேலியா 73. அங்கேயும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் ஜப்பானின் அந்த ஒரு புள்ளிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு வேறு. இந்தியாவுக்கு அது 2019இல் நேருக்கு நேர் தெரிந்தது.

2019 செப்டம்பரில் ஆசியக் கோப்பை மறுபடியும் அதே கண்டீரவா அரங்கத்துக்கு வந்தது. இந்த முறை இந்தியா டிவிஷன் ஏ அணி. முதல் ஆட்டம் ஜப்பானோடு: 103க்கு 27. ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. ஏழாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிலிப்பைன்ஸ் 92க்கு 78 என்று வென்றது. ஏறியவர்கள் எட்டாவதாக நின்றார்கள்; ஆனாலும் மேல் பிரிவில் நீடித்தார்கள்.

ஜப்பான் என்றதும் பளபளக்கும் தனியார் கிளப்புகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜப்பானிய மகளிர் கூடைப்பந்தும் கம்பெனி அணிகளின் ஆட்டம்தான்! எனியோஸ் எண்ணெய் நிறுவனம், டொயோட்டா, புஜிட்சு, டென்சோ என்று வேலை கொடுக்கும் நிறுவனங்களின் பெயரில்தான் அணிகள். எனியோஸின் சன்ஃபிளவர்ஸ் அணி 2019 வரை தொடர்ந்து பதினோரு முறை லீக் வாகை சூடியது. தேசிய அணியின் அப்போதைய பயிற்சியாளர் டாம் ஹோவாஸ் அமெரிக்கர். ஆனால் டொயோட்டாவுக்கு ஆடியவர், அந்த எண்ணெய் நிறுவன அணிக்குப் பயிற்சி அளித்தவர். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக ரூய் மச்சிதா 18 அசிஸ்ட் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். ஐந்தடி சொச்சம் உயரமுள்ள அந்தச் சிறிய கார்டு புஜிட்சு அணிக்காரர். 2021 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஜப்பான் வெள்ளி வென்றது. கொரியாவைப் பார்த்தாலோ வங்கிகளின் ஊர்வலம்: ஊரி வங்கி, ஷின்ஹான் வங்கி, ஹானா வங்கி, கே.பி. வங்கி. நம் ஊரில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் கால்பந்து அணி வைத்திருந்ததைப் போலத்தான் அதுவும்.

அப்படியானால் ஆபீஸ் அணி என்பது குறை அல்ல. பட்டத்து மின்வாரியமும் தெற்கு ரயில்வேயும் செய்ததை அங்கே டொயோட்டாவும் வங்கிகளும் செய்கின்றன. வித்தியாசம் காலண்டரில் இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் தொடங்கும் லீக் வசந்தம் வரை ஓடுகிறது. அணிகள் ஒன்றையொன்று திரும்பத் திரும்பச் சந்திக்கின்றன. இந்த வாரம் செய்த தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது. ஜப்பான் தன் லீக்கை 2024இல் இரண்டு பிரிவுகளாகவும் பிரித்துக்கொண்டது. இங்கேயோ தேசிய வாகையர் போட்டி ஒரு வாரம், ஃபெடரேஷன் கோப்பை சில நாள், அழைப்புப் போட்டிகள் சில நாள். ரயில்வேயும் கேரளமும் மோதும்போது நாட்டின் மிகச் சிறந்த பெண்கள் கூடைப்பந்து நம் கண்முன் நடக்கிறது. பிறகு பல மாதம் அவர்கள் எதிரெதிரே நிற்பதே இல்லை. மீதி நாளெல்லாம் பயிற்சிதான். கடினமான எதிரியை அடிக்கடி சந்திக்காத அணி, சந்திக்கும் நாளில் 103க்கு 27 என்று தோற்பதில் வியப்பு இல்லை. தவறு அந்தப் பெண்களுடையது அல்லவே அல்ல.

லீக் நடத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக்கில் சென்னை ஸ்லாம் என்று ஓர் அணி ஆடியது. 2017க்குப் பிறகு அந்த லீக் நின்றது. கூடைப்பந்து சம்மேளனம் 2022 அக்டோபரில் ஐ.என்.பி.எல். என்ற லீக்கைத் தொடங்கியது. ஆறு நகரங்களின் அணிகள். கேரளத்துக்கு கொச்சி டைகர்ஸ், தமிழகத்துக்குச் சென்னை ஹீட். முதல் வாகையைச் சென்னை ஹீட்தான் சூடியது. தொடங்கியபோது அது ஆண்களின் லீக். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆசியாவின் மேல் பிரிவுக்கு ஏறிக் காட்டியவர்கள் பெண்கள். லீக் முதலில் கிடைத்தது ஆண்களுக்கு.

மிச்சக் கதை சுருக்கமானது. 2021இல், ஜப்பான் ஒலிம்பிக் வெள்ளி வென்ற சில வாரங்களிலேயே, ஜோர்டானின் அம்மானில் அடுத்த ஆசியக் கோப்பை. கொரோனாவால் முகாம்களும் போட்டிகளும் குலைந்திருந்த நேரம். ஜப்பானிடம் 136க்கு 46. எல்லாமே ஏழாம் இடத்துக்கான ஆட்டத்தில் வந்து நின்றது. எதிரே மறுபடி பிலிப்பைன்ஸ், ஆறு ஆண்டுகளுக்கு முன் வூஹானில் இந்தியாவைக் கீழே தள்ளிய அதே அணி. இந்த முறை இந்தியா எளிதில் விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 14 புள்ளியாக இருந்த வித்தியாசம் நான்காகக் குறைந்தது: 74க்கு 70. நான்கு என்றாலும் தோல்வி தோல்விதான். இந்தியா டிவிஷன் பிக்கு இறங்கியது. அங்கே வாகை சூடிய லெபனான் மேலே வந்தது.

மேல் பிரிவில் இந்தியா இருந்தது 2017 முதல் 2021 வரை. அந்த நான்காண்டுகளில் ஆடிய ஒவ்வொருவரும் எந்தச் சிறிய போட்டிகளில் தேய்ந்து தயாரானார்கள் என்று பார்த்தால் ஒரு ஊரின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது: கோயம்புத்தூர். ஆண்களுக்கு பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும், பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடக்கும் ஊர். மின்வாரியப் பெண்களும் ரயில்வே பெண்களும் ஒருவரையொருவர் அளந்துகொண்ட கோர்ட் அங்கே இருக்கிறது. பம்ப் செட்டும் பஞ்சாலையும் கூடைப்பந்துக்குக் காசு கொடுத்த அந்தக் கதை அடுத்த பகுதியில்.